இடது பக்கத்து பிரேக்

ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் பேர் மூச்சக்கா. எக்ஸ்ரே எடுப்பதுதான் வேலை. இருபத்தொரு வருடமாக ஒரே அறை, ஒரே ஈயக் கவசம், ஒரே வசனம்: "மூச்ச இழுத்துப் பிடிங்க... ம், இப்ப விடலாம்." ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரின் மூச்சு அவள் சொல் கேட்டு நிற்கும், அவள் சொல் கேட்டுப் போகும். கடைவீதியில் அவளைப் பார்த்தால் சிலர் கன்னத்தை உப்பி, நெஞ்சை நிமிர்த்தி நின்று காட்டுவார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "விடலாம்" என்று உத்தரவு கொடுத்துவிட்டுக் காய்கறிப் பையோடு நடையைக் கட்டுவாள்.

பட்டப்பெயர் அந்தக் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. அவளுடைய அப்பா ஊருக்கெல்லாம் 'பாத்து சார்'. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பள்ளி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு கார், ஒரு போர்டு, ஒரு மனிதர், அவ்வளவுதான். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, சார் இடது சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக இன்னொரு பிரேக். சந்து வந்தாலும், சைக்கிள் வந்தாலும், வெறும் சாலையில் நிழல் விழுந்தாலும் அவர் வாயில் ஒரே சொல்: "பாத்து!" சொல் வருவதற்கும் கால் பிரேக்கில் இறங்குவதற்கும் நடுவில் இடைவெளியே கிடையாது. எது முந்தி என்று மாணவர்களுக்குள் பந்தயமே நடந்திருக்கிறது. இன்றைக்கும் அந்த ஊரில் ஒரு கார் தேவையே இல்லாமல் நின்று நின்று போனால், ஓட்டுகிறவர் பாத்து சாரின் மாணவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அப்பேர்ப்பட்டவரின் மகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்றே மூன்று நாள் கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள், "அப்பா, வண்டிய நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கியவள்தான், திரும்ப ஏறவில்லை. கோபமெல்லாம் இல்லை. பஸ் இருக்கும்போது எதற்கு இந்த வம்பு என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய தம்பி அப்படி விடுகிற ரகம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதே அப்பாவிடம் கற்று, லைசென்ஸ் வாங்கி, அப்புறம் பெரிய வண்டிக்கும் வாங்கி, பஸ் டிரைவரானான். ஐம்பத்திரண்டு சீட் பஸ். நின்றுகொண்டு வருகிறவர்கள் தனிக் கணக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் குழந்தைக்குத் தடுப்பூசி போட எல்லோரும் அந்தக் காரில் கிளம்பினார்கள். தம்பி ஓட்டினான். அப்பா வழக்கம்போல இடது சீட்டில். பின்னால் தம்பி மனைவி, மடியில் மூன்று மாதக் குழந்தை, பக்கத்தில் மூச்சக்கா. தண்ணீர்த் தொட்டிச் சந்திப்பில் ஒரு லாரி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டான், வேகத்தைக் குறைத்தும் விட்டான். ஆனால் "பாத்து!" என்ற சத்தமும் பிரேக்கும் ஒன்றாக விழுந்தன. கார் குலுங்கி நின்றது. பால்புட்டி உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. குழந்தை வீறிட்டது.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இன்ஜினை அணைத்தான், சாவியை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தான். "தெனமும் அம்பது பேரு என்னை நம்பி ஏறுறாங்க. கண்ண மூடித் தூங்குறாங்கப்பா. என் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறதுக்கு உங்களுக்கு நம்பிக்கை இல்ல. நீங்களே ஓட்டிக்கங்க." மனைவியையும் குழந்தையையும் இறக்கி, வாடகை வண்டியைப் பிடித்துப் போய்விட்டான். அப்பா எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வலது சீட்டுக்கு மாறி வண்டியை எடுக்க இரண்டு நிமிடம் ஆனது.

அதன்பிறகு அவன் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. தம்பி மனைவி மட்டும் மூச்சக்காவின் போனுக்குக் குழந்தையின் படங்களை அனுப்புவாள். மூச்சக்கா அவற்றை அப்பாவிடம் காட்டுவாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, நன்றாகப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு, இரண்டு பேருக்கும்.

நான்கு மாதத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். தம்பி வந்தான். செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். போகும்போது, "எனக்கு இந்த வீட்டுலேருந்து ஒரு துரும்பு வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா என்றைக்கோ போய்விட்டாள், மூச்சக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்றுபோனது. ஆக அவளுக்கு மிச்சம் இருந்தவை ஒரு வாடகை வீடு, ஓட்டத் தெரியாத ஒரு கார், பேசாத ஒரு தம்பி.

கார் வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. கதவில் பள்ளியின் பெயரைச் சுரண்டி எடுத்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். கண் மங்கி அப்பா ஓட்டுவதை நிறுத்திய கடைசி வருடத்தில், சொந்தக் கார் வாசலில் நிற்க, வாடகை வண்டிக்காகத் தெருமுனையில் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறாள். அந்த மாதிரி உட்கார்ந்திருப்பவர்களைத்தான் அவள் வேலையிலும் தினம் பார்க்கிறாள். ஒருநாள் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியவரைச் சரக்கு வண்டியில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவரைப் படம் எடுத்து முடித்ததும் மூச்சக்கா ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, நோயாளிகளை இலவசமாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் அறக்கட்டளைக்குப் போன் போட்டாள். "என்கிட்ட ஒரு கார் இருக்கு. வச்சுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

அறக்கட்டளையின் செயலாளர் மறுநாளே வந்துவிட்டார். ஒல்லியான அம்மாள், காதில் பென்சில், பேச்சில் நிறுத்தக்குறியே கிடையாது. காரைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தார். "என்னங்க இது, ரெண்டு பிரேக்?"

"எங்கப்பா டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தாரு."

"எங்க நோயாளிங்க தூங்கிக்கிட்டே வருவாங்க, கால நீட்டுனா நடுரோட்டுல வண்டி நின்னுரும். இதக் கழட்டிடணும். அப்புறம், வாரிசு எத்தனை பேரு?"

"நானும் தம்பியும்."

"அப்போ ரெண்டு பேரும் ஆபீசுக்கு வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும். முப்பதாந்தேதிக்குள்ள. அதோட தகுதிச் சான்று முடியுது. மறுபடி டெஸ்ட்டுக்குப் போனா, இந்த வயசுக்குப் பாஸாகாது." மூச்சக்கா நிமிர்ந்து பார்த்தாள். "வண்டியோட வயசச் சொன்னேன்" என்றார் அம்மாள் அவசரமாக.

பதினொரு நாள் இருந்தது. காருக்கு மட்டும் என்றால் மூச்சக்கா இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள். அப்பாவின் சாவை விட்டால், ஒன்பது வருடத்தில் தம்பியைக் கூப்பிட அவளுக்குக் கிடைத்த ஒரே காரணம் இதுதான். இதையும் விட்டால், அடுத்து அவனைக் கூப்பிட ஒரு காரணத்துக்கு அவள் சாக வேண்டியிருக்கும். அதை அவளே சிரித்துக்கொண்டு ஸ்கேன் சென்டரில் சொன்னாள். கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் டிப்போவுக்குப் போனாள். தம்பி காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, டீ கிளாசோடு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"என்னக்கா, ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். காரைத் தானம் கொடுக்கப் போறேன். உன் கையெழுத்து வேணும்."

"அதான் எனக்கு எதுவும் வேணாம்னு சொல்லிட்டேன்ல? என் கையெழுத்தையும் நீயே போட்டுக்கோ."

"நல்லா இருக்கே கதை. உன் கால் ஒடிஞ்சா உன்னைத்தான்டா படம் எடுக்கணும். உனக்குப் பதிலா நான் படுத்துக்க முடியுமா?"

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு அவள் அடுத்ததையும் போட்டாள். "வண்டியையும் நீதான் எடுத்துட்டு வரணும். எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஒரு டிரைவரப் பிடி. நான் அந்த வண்டியில ஏறமாட்டேன்" என்றான். டீயைக் கீழே ஊற்றிவிட்டு, "கையெழுத்துக்கு வேணும்னா வர்றேன், இருபத்தெட்டாந்தேதி, பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தான்.

சனிக்கிழமை அந்த பிரேக்கைக் கழற்றுவதற்காகப் பட்டறைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தாள். அந்தக் காரைப் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறவர் அவர். பையை இறக்கி வைத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தவர், உடனே வெளியே எடுத்தார்.

"இதக் கழட்ட நாலு போல்ட்டுதாம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

"இந்தப் பெடலை வண்டி பிரேக்கோட சேக்குற கம்பி எல்லாம் இருக்கும்ல?"

"எந்தக் கம்பி? அத நான் அப்பவே எடுத்துட்டேனே. ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

மூச்சக்கா கையிலிருந்த டம்ளரை இன்ஜின் மூடி மேல் வைத்தாள். "எப்போ?"

"உன் தம்பி நடுரோட்டுல எறங்கிப் போனதாச் சொல்லுவாங்களே, அதுக்கு மறுநாள். நான் பட்டறைய தெறக்கறதுக்கு முன்னாடியே சார் வண்டியோட வந்து நிக்கிறாரு. 'கம்பிய எடுத்துரு, பெடல் இருக்கட்டும்'னாரு. ஸ்கூல் வண்டிக்கு எப்படி சார்னு கேட்டேன். 'ஸ்கூல மூடிட்டேன்'னாரு. பெடல் மட்டும் எதுக்கு சார்னேன். 'அத எடுத்தா ஆளாளுக்கு ஏன்னு கேப்பாங்க. உன் வேலையப் பாரு'ன்னுட்டாரு." பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தார். "அதுக்கு மேல நானும் கேக்கல."

அந்த வாரம்தான் அப்பா போர்டை இறக்கினார். "கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார். ஊரே நம்பியது. அவளும்தான் நம்பினாள். அதற்குப் பிறகும் எட்டு வருடம் அவர் அந்தக் காரை ஓட்டினார். அவள் இடது சீட்டில் ஏறும் ஒவ்வொரு தடவையும், பழையபடியே, "கால மடக்கி உக்காரு, பிரேக்குல பட்டுரப் போகுது" என்று சொல்லாமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. அவளும் சொன்ன பேச்சுக் கேட்டு மடக்கியே உட்கார்ந்தாள்.

"கழட்டட்டுமா?" என்றார் பட்டறைக்காரர்.

"இப்ப வேணாம். இருபத்தெட்டாந்தேதி அறக்கட்டளை ஆபீசுக்கு வந்து கழட்டுங்க" என்றாள்.

அவள் டிரைவர் யாரையும் பிடிக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை எட்டரைக்கே டிப்போவுக்குப் போன் செய்து, டிரைவர் கையை விரித்துவிட்டான் என்று வாய்கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். தம்பி போனில் கொஞ்ச நேரம் மூச்சு விட்டான். அப்புறம், "சரி, வர்றேன்" என்றான்.

வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் காருக்குப் போய்ச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான், கண்ணாடியைச் சரிசெய்தான். இடது பக்கம் பார்வை போனதும் முகம் இறுகியது. "இது இன்னும் இருக்கா?"

"அங்க போய்க் கழட்டுறாங்க" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"கால மடக்கிக்கோ" என்றான். அது யாருடைய வசனம் என்று அவனுக்கு நினைவில்லை போலிருக்கிறது.

கார் நல்ல பிள்ளையாக ஒரே முயற்சியில் எழுந்தது. அவன் ஓட்டியதை மூச்சக்கா அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கவனித்தாள். எங்கும் குலுக்கல் இல்லை, எங்கும் அவசரம் இல்லை. கடைவீதியைத் தாண்டினார்கள். தண்ணீர்த் தொட்டிச் சந்திப்பு தெரிந்ததும் அவள் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள், இரண்டு காலையும் சேர்த்து அந்த பிரேக்கைத் தரைவரைக்கும் அழுத்தினாள்.

"அக்கா! என்ன பண்ற!"

கார் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல், அவன் ஓட்டிய வேகத்திலேயே, சந்திப்பைக் கடந்து அந்தப் பக்கம் போனது.

தம்பி வண்டியை ஓரங்கட்டினான். "அழுத்துனியா இல்லையா?"

"முழுசா அழுத்துனேன்."

"நிக்கலியே."

"நிக்காது. கம்பி இல்ல. நீ எறங்கிப் போன மறுநாளே அப்பா கழட்டிட்டாரு."

"சும்மா சொல்லாத."

"பட்டறைக்காரர் பத்து மணிக்கு அங்க வருவாரு. அவர்கிட்டயே கேளு. ஸ்கூல மூடுனதும் அன்னைக்குத்தான்."

அவன் இறங்கிச் சுற்றி வந்தான். அவளை இறங்கச் சொல்லிவிட்டு இடது சீட்டில் உட்கார்ந்தான். பெடலைக் காலால் அழுத்தினான். அப்புறம் குனிந்து கையால் அழுத்தினான். அது எந்தப் பிடிமானமும் இல்லாமல் போய் வந்தது. மறுபடி அழுத்தினான். எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"யாரு, அவரா?"

அவன் பெடலிலிருந்து கையை எடுத்தான்.

"என்கிட்டயே சொல்லலடா. எட்டு வருஷமா 'கால மடக்கி உக்காரு, மடக்கி உக்காரு'ன்னு சொல்லிச் சொல்லி என் முட்டி போச்சு. படம் எடுத்துப் பார்த்தேன், தேஞ்சிருக்கு."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் அப்படியே அழுதான். நாற்பது வயது ஆள், காக்கிச் சட்டையோடு, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் அழுதான். மூச்சக்கா வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் அழுகைதான். அப்பா மேல் கோபமும் வந்தது. ஒரு போன் பண்ணி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேரனைத் தூக்கிக் கொஞ்சியிருக்கலாம், பாவி மனுஷன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, வண்டி நின்னுருச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஓடுது" என்றாள் அவள்.

அறக்கட்டளை அலுவலகத்தில் பத்தேகால் மணிக்கு இரண்டு கையெழுத்தும் விழுந்தன. பட்டறைக்காரர் நான்கு போல்ட்டைக் கழற்றினார். பெடலை என்ன செய்வது என்று கேட்டார். மூச்சக்கா தம்பியைப் பார்க்க, அவன் கையை நீட்டி வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான். செயலாளர் அம்மாள் நிறுத்தாமல் நன்றி சொன்னார். அன்று மதியமே டயாலிசிஸ் முடிந்த ஒருவரைக் கூட்டிவர கார் போகப்போகிறது என்றார். அறக்கட்டளை டிரைவரிடம் தம்பி, கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும், மூன்றாவது கியர் மழைக்காலத்தில் முரண்டு பண்ணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். சாவி கைமாறியது.

திரும்பிப் போக வண்டி இல்லை. இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாயேன். உன் பிள்ளைக்கு எங்க வீட்டு வழி தெரியுமான்னு பாப்போம்" என்றாள்.

"அவனுக்குப் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு முடியும்" என்றான் தம்பி. மூச்சக்காவுக்கு அது போதும்.

பஸ்ஸில் முன் சீட்டே கிடைத்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓட்டுகிறவன் சின்ன வயதுக்காரன், தம்பிக்குத் தெரிந்தவன்தான், சார் என்று சலாம் வைத்தான். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் மூக்கை நீட்டியது. தம்பியின் வலது கால் பஸ்ஸின் தரையை ஓங்கி மிதித்தது.

"பாத்து!" என்றான்.

சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போனான். முன்னால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். மூச்சக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"கால மடக்கி உக்காருடா."